பட்டறைப் பக்கம் வாருங்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இதுபோன்ற மேடைகளில் இலக்கியத்தைத் தொட்டுத் தொடங்குவது வழக்கம். என் தொழிலுக்குப் பொருத்தமாக நம்மிடம் ஒரு கதை இருக்கிறது, பொற்கைப் பாண்டியன் கதை. வெளியூர் போன கீரந்தையின் வீட்டுக்கு அரசன் இரவுக் காவலாக நிற்கிறான். உள்ளே ஆண்குரல் கேட்கிறது. கதவைத் தட்டிவிடுகிறான். உள்ளே இருப்பவன் ஊரிலிருந்து திரும்பிவிட்ட கீரந்தைதான் என்று பிறகுதான் தெரிகிறது. அந்தப் பெண்மேல் பழி வந்துவிடக் கூடாதே என்று தெருவில் இருந்த எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டுப் போய்விடுகிறான். மறுநாள் அவையில் முறையீடு. கதவைத் தட்டியவனின் கையை வெட்டுவதுதான் தண்டனை என்றானதும், தன் கையையே வெட்டிக்கொள்கிறான். சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் இந்த நிகழ்ச்சி வருகிறது. பழமொழி நானூறும் சொல்கிறது. அதற்குப் பிறகு பொன்னால் கை செய்து பொருத்திக்கொண்டான் என்பது வழங்கிவரும் கதை.

பட்டிமன்றங்களில் இதை வைத்து அரசனின் நீதியைப் பேசுவார்கள். எனக்கு வேறு கவலை. பொன் கனமான உலோகம். அந்தக் கையை எதில் கட்டினார்கள்? மணிக்கட்டில் தோல் புண்ணாகாமல் உள்ளே என்ன வைத்தார்கள்? மதுரையின் சித்திரை வெயிலில் வியர்த்தால் என்ன செய்தான்? ஆறு மாதத்தில் கை இளைத்துப் பொன்கை ஆடத் தொடங்கியபோது யாரிடம் போனான்? அரசன் பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பொற்கொல்லரின் பெயர் எங்கும் இல்லை.

நான் செயற்கை உறுப்புப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். மருத்துவர் அல்ல, எழுத்தாளனும் அல்ல. பிளாஸ்டரில் கை ஊறியவன். கை கால் இழந்தவர்களைப் பற்றி நம் மக்களிடம் இரண்டே படங்கள் இருக்கின்றன. பேருந்து நிலையத்தில் கை நீட்டுகிறவர் ஒரு படம். மேடையில் ஆடுகிறவர், மலையேறுகிறவர், பதக்கம் வாங்குகிறவர் மற்றொரு படம். முதல் படத்தைப் பார்த்துச் சில்லறை தேடுகிறோம், இரண்டாவதைப் பார்த்துக் கைதட்டுகிறோம். காலையில் எழுந்து, காலை மாட்டி, வேலைக்குப் போய், மாலையில் கழற்றி வைத்துவிட்டு, சிவந்து போன இடத்தில் எண்ணெய் தடவிக்கொள்கிற பெருங்கூட்டம் இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது பக்கத்தில் ஒரு பட்டறை. இன்று நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் அதற்கான விளக்கம்.

நடனக் கலைஞர் சுதா சந்திரனை எல்லாருக்கும் தெரியும். 1981இல் திருச்சி அருகே பேருந்து விபத்து, பிறகு வலது கால் போனது, 1984இல் ஜெய்ப்பூர்க் காலோடு மறுபடி மேடை. படமே எடுத்தார்கள், ‘மயூரி’. கைதட்டல் இன்றுவரை ஓயவில்லை. ஆனால் 2021 அக்டோபரில் அதே சுதா சந்திரன் ஒரு காணொளி வெளியிட்டுப் பிரதமருக்கு வேண்டுகோள் விடுத்தார். ஒவ்வொரு முறை விமானம் ஏறும்போதும் பாதுகாப்புச் சோதனையில் காலைக் கழற்றச் சொல்கிறார்கள், இது வலிக்கிறது, மூத்த குடிமக்களுக்குக் கொடுப்பதுபோல் எங்களுக்கும் ஓர் அட்டை கொடுங்கள் என்றார். பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. ஏறக்குறைய நாற்பது ஆண்டு கைதட்டலுக்குப் பிறகும், நாடறிந்த நடனக் கலைஞர் ஒருவர் ஒரு தடுப்புக்குப் பின்னால் காலைக் கழற்ற வேண்டியிருந்தது. வெடிபொருள் துகள் இருக்கிறதா என்று மேலே துடைத்துப் பார்க்கிற கருவி இருக்கிறது. அதை எடுத்துவரும் பொறுமைதான் இல்லை.

ஜெய்ப்பூர்க் கால் என்றேன். அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1960களில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு முறிவு மருத்துவராக இருந்தவர் பி. கே. சேத்தி. அவரிடம் கால் பெற்றுக்கொண்டு போனவர்கள் சில மாதங்களில் ஊன்றுகோலோடு திரும்பி வந்தார்கள். கால் எங்கே என்று கேட்டால் வீட்டில் இருக்கிறது என்பார்கள். அன்று உலகம் முழுக்கப் பயன்பட்டது அமெரிக்காவில் 1950களில் உருவான ‘சாக்’ என்ற பாதம். உள்ளே விறைப்பான மரக்கட்டை, குதிகாலில் மட்டும் மெத்து. அதை ஷூவுக்குள் மறைத்துத்தான் போட வேண்டும், கணுக்கால் மடங்காது. நாற்காலியில் உட்கார்ந்து, ஷூ போட்டு, தார்ச்சாலையில் நடக்கிறவருக்கு அது நல்ல பாதம். தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுகிற, குந்தி உட்காருகிற, வரப்பில் நடக்கிற, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற உழவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? மூலையில் சாத்தி வைப்பார்.

அந்த மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கைவினை கற்றுக்கொடுக்க ஒருவர் இருந்தார். ராமச்சந்திர சர்மா, எல்லாரும் ‘மாஸ்டர்ஜி’ என்பார்கள். பரம்பரைக் கைவினைஞர், பள்ளிப் படிப்பு சொற்பம். சேத்திக்கு உடற்கூறு தெரியும், மாஸ்டர்ஜிக்குப் பொருள் தெரியும். ஒருநாள் சைக்கிள் டயர் பஞ்சராகிக் கடையில் நின்றபோது, ரப்பரைச் சூடேற்றி இறுக்குகிற வேலையைப் பார்த்து மாஸ்டர்ஜிக்கு வழி பிறந்தது என்று சொல்வார்கள். கதை கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். பொருள் என்னவோ அதுதான். முன்பாதத்துக்கும் குதிகாலுக்கும் மெத்து ரப்பர், கணுக்காலில் ஒரு மரக்கட்டை, எல்லாவற்றையும் சுற்றி டயரில் வரும் நூல் பதித்த ரப்பர், வெளியே தோல் நிறத்தில் ஓர் உறை. அச்சில் வைத்து வேகவைத்து எடுத்தால் ஐந்து விரலும் உள்ள பாதம். நடுவில் நீளக் கட்டை இல்லாததால் எல்லாப் பக்கமும் வளையும். ஷூ வேண்டாம், நனைந்தாலும் கெடாது. ஆண்டு 1968.

சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. தகுதியானவர்தான், அதில் சந்தேகமில்லை. மாஸ்டர்ஜியின் பெயர் எங்கள் தொழிலுக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்? பொற்கொல்லருக்கு நேர்ந்ததுதான்.

இதில் பலர் கவனிக்காமல் விடுகிற ஒரு சங்கதி உண்டு. 1968இலிருந்து 1975 வரை, அந்த அருமையான பாதத்தைப் பெற்றவர்கள் 59 பேர்தான். கண்டுபிடிப்பு ஆயிற்று, பாராட்டு ஆயிற்று, ஆனால் கால் போய்ச் சேரவில்லை. 1975இல் டி. ஆர். மேத்தா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி, பகவான் மகாவீர் பெயரில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் தலைவராக இருந்தாரே, அவரேதான். கார் விபத்தில் தன் காலையே இழக்கும் நிலைக்குப் போய் மீண்டவர். அவர் செய்தது எளிமையான காரியம். எந்த நேரத்தில் வந்தாலும் உள்ளே விடு. தங்க இடம், சாப்பாடு கொடு. பணம் கேட்காதே. முடிந்தால் அன்றைக்கே கால் மாட்டி அனுப்பு. அதன் பிறகுதான் எண்ணிக்கை ஆயிரங்களாகி லட்சங்களானது. பாதம் அதே பாதம்தான். பட்டறை நடந்த விதம் மாறியது.

யாழ்ப்பாணத்தில் 1987இல் ஒரு ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கியதும் இந்தப் பாதத்தை உள்ளூரிலேயே செய்ய முடியும் என்பதால்தான். அங்கே அப்போது போர். மிதிவெடியில் கால் போனவர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்க் காத்திருக்க முடியாது. உள்ளூரில் கிடைக்கும் பொருளில், உள்ளூர் ஆள் செய்கிற கால்தான் சாத்தியம். மிதிவெடிக் காயம் மற்ற காயங்களைப் போன்றதில்லை. வெடிக்கும்போது மண்ணும் செருப்புத் துண்டும் எலும்புச் சில்லும் தசைக்குள் மேல்நோக்கி ஏறிவிடும். கண்ணுக்குத் தெரிகிற காயத்தைவிட மேலே வெட்ட வேண்டியிருக்கும். உடனே தைத்து மூடக்கூடாது, சில நாள் திறந்துவைத்துச் சுத்தம் செய்து பிறகே தைக்க வேண்டும். குழந்தை என்றால் துயரம் தொடரும். வெட்டிய எலும்பு வளர்ந்து தோலைத் துளைக்கப் பார்க்கும், மறுபடி அறுவை செய்ய வேண்டும். வளர்கிற பிள்ளைக்குச் சட்டை பற்றாமல் போவதைப் போல அடிக்கடி கால் பற்றாமல் போகும். ஆளெதிர்ப்புக் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் 1997ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இலங்கை 2017 டிசம்பரில்தான் சேர்ந்தது. இந்தியா இன்னும் சேரவில்லை. போர் 2009இல் முடிந்தது. அன்று கால் இழந்த பிள்ளை இன்று வளர்ந்த ஆள், அவருக்கு இந்த ஆண்டும் பட்டறை வேண்டும்.

சரி, பட்டறைக்குள் என்னதான் நடக்கிறது என்று சொல்கிறேன். வெளியே இருப்பவர்கள் பாதத்தையும் முழங்கால் மூட்டையும் பார்த்து வியப்பார்கள். பல லட்சம் ரூபாய்க்கு, உள்ளே கணினிச் சில்லு வைத்த மூட்டெல்லாம் வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் முதலில் பார்ப்பது சாக்கெட்டை. மீதிக் கால் நுழைகிற குழிந்த பகுதி அது. அது சரியில்லை என்றால் கீழே வைரத்தில் பாதம் செய்து மாட்டினாலும் பயனில்லை.

பலர் நினைப்பதுபோல மீதிக் காலின் நுனி அடியில் போய் நிற்பதில்லை. முழங்காலுக்குக் கீழே வெட்டிய கால் என்றால், உடம்பின் பாரம் முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கிற தசைநாரிலும் பக்கவாட்டுச் சதையிலும் பரவி இறங்க வேண்டும். கெண்டைக்கால் முன்னெலும்பின் விளிம்பும், வெளிப்பக்கத்துச் சிறு எலும்பின் தலையும் பாரம் தாங்காது, தொட்டாலே கத்துவார்கள். எனவே பிளாஸ்டர் துணியைச் சுற்றி அளவெடுத்து, அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு வார்த்ததும், பாரம் தாங்கும் இடத்தில் அரத்தால் சுரண்டுவோம், தாங்காத இடத்தில் பூசி மேடாக்குவோம். அந்த அச்சின்மேல் சூடாக்கி இளக்கிய பிளாஸ்டிக்கை இழுத்து மாட்டினால் சாக்கெட். முன்பு அலுமினியத் தகட்டைத் தட்டிச் செய்வார்கள். பிறகு வயலில் தண்ணீர் கொண்டுபோகும் வகைப் பிளாஸ்டிக் குழாய் வந்தது. எங்கே எவ்வளவு சுரண்டுவது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். “பரவாயில்லை சார்” என்று சொல்லிக்கொண்டே பல்லைக் கடிப்பவர்கள் நம் ஊரில் அதிகம். இலவசமாக வாங்குகிறோமே, குறை சொல்லலாமா என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தை உடைப்பதுதான் என் வேலையில் பாதி.

முகாம்களைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் இருப்பது இதனால்தான். முகாமே கூடாது என்று நான் சொல்லவில்லை. முகாம் இல்லாவிட்டால் ஒரு காலும் கிடைக்காதவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் அறுவைக்குப் பிறகு வரும் மாதங்களில் மீதிக் கால் சுருங்கும். வீக்கம் வடியும், சதை வற்றும். மார்கழியில் அச்சாக இருந்த சாக்கெட் ஆனியில் லொடலொடவென்று ஆடும். ஆடினால் கால் உள்ளே இறங்கி எலும்பு இடிக்கும், இடித்தால் புண். புண் வந்தவர் காலைக் கழற்றி வைப்பார், பிறகு மாட்டமாட்டார். இதற்கு மருந்து பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் ஒரு சாக்ஸ், பிறகு இரண்டு, மூன்று. அதற்கும் அடங்காவிட்டால் புது சாக்கெட். பெரியவர்களுக்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காலை மாற்ற வேண்டிவரும். முகாம் போட்டவர்கள் அடுத்த மாவட்டத்துக்குப் போயிருப்பார்கள். மேடையில் பிரமுகரோடு எடுத்த படம் மட்டும் வீட்டில் மாட்டியிருக்கும். கால் கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.

நடப்பதே கால் இழந்தவர்களுக்குக் கூடுதல் உழைப்பு என்பதையும் நாம் நினைப்பதில்லை. முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர் நம்மோடு அதே வேகத்தில் நடந்தால், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றல் செலவாகும். முழங்காலுக்கு மேலே போயிருந்தால் இன்னும் மிக அதிகம். அதனால்தான் அறுவை செய்யும்போது முழங்காலைக் காப்பாற்ற மருத்துவர்கள் அத்தனை பாடுபடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் பாசத்தோடு முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பார்கள். வைக்காதீர்கள். மூட்டு மடங்கியபடியே இறுகிவிட்டால், மருத்துவர் காப்பாற்றிக் கொடுத்த முழங்கால் வீணாகும்.

இன்னொன்று, கால் இழந்தவர்கள் யாரிடமும் சொல்லாமல் மறைப்பது. இல்லாத கால் வலிக்கும். சுண்டுவிரல் அரிக்கும், பாதம் முறுக்கும், இரவில் எரியும். “ஏங்க, வெட்டிப் புதைச்ச கால் எப்படிங்க வலிக்கும்?” என்று மனைவி கேட்பார். அம்மாவோ மந்திரிக்க ஆள் தேடுவார். ஒருநாள் சொல்லிப் பார்த்துவிட்டு, நமக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்து அதற்குப் பிறகு வாய் திறக்காதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை. உறுப்பு இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு வகையில் இந்த உணர்வு இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பு இழந்த சிப்பாய்களைக் கவனித்த வியர் மிட்செல் என்ற மருத்துவர் 1871லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்.

இதில் நம் ஊர்க்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. வி. எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர், கலிபோர்னியாவில் நரம்பியல் பேராசிரியர். மூளைக்குள் உடம்பின் வரைபடம் ஒன்று இருக்கிறது. அதில் கைக்குரிய இடத்துக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பது முகம். கை போனபின் அந்த இடம் காலியாகக் கிடப்பதில்லை, பக்கத்து வீட்டுச் செய்தி அங்கே கசிகிறது. கை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டபோது, இல்லாத விரலைத் தொடுவதாக அவர் சொன்னார். 1990களில் ராமச்சந்திரன் ஒரு பெட்டிக்குள் சாதாரணக் கண்ணாடியை நிறுத்தினார். இருக்கிற கையை ஒருபக்கம் நுழைத்துக் கண்ணாடியில் பார்த்தால், இல்லாத கை திரும்பி வந்ததுபோல் தெரியும். இருக்கிற கையை விரித்து மூடினால், பல காலமாக இறுகிக் கிடந்த இல்லாத கையும் விரிவதாகச் சிலர் உணர்ந்தார்கள், வலி குறைந்தது. காலுக்கும் செய்யலாம். பீரோக் கண்ணாடி அளவுக்கு ஒன்றை இரு கால்களுக்கும் நடுவே நிறுத்தினால் போதும். எல்லாருக்கும் பலிப்பதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வெட்டிய நரம்பின் நுனியில் முடிச்சு விழுந்தாலும் வலிக்கும், சாக்கெட் கடித்தாலும் வலிக்கும். எது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். முதலில், சொன்னால் சிரிக்காத வீடு வேண்டும்.

இதுவரை கால் போனபிறகு நடப்பதைச் சொன்னேன். போகாமல் காப்பதைப் பேசாமல் இறங்கினால் என் தொழிலுக்கு விளம்பரம் செய்தது போலாகிவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ரயிலில் அடிபட்டவர்களும் லாரியில் சிக்கியவர்களும் வரிசையில் நிற்பார்கள். பிறகு வரிசையின் முகம் மாறியது. வயதானவர்கள், கூட மகனோ மகளோ, கையில் சுகர் பரிசோதனைச் சீட்டு. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று மதிப்பிட்டது. அவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கும். ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால், ஒரு கொப்புளம் போதும்.

உணர்ச்சியற்ற பாதத்தைப் பற்றி உலகத்துக்குப் பாடம் போன இடம் நம் வேலூர். பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர், மிஷனரிப் பெற்றோரின் பிள்ளை. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்குப் போய்ப் பார்த்தபோது, இந்தக் கைகளும் கால்களும் ஏன் இப்படிக் குறைந்துபோகின்றன என்று கேட்டார். நோய் சதையைத் தின்கிறது என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். பிராண்ட் கண்டது வேறு. துருப்பிடித்த பூட்டைத் தன்னால் திறக்க முடியாமல் திணறியபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கித் திருகித் திறந்துவிட்டான். கையைப் பார்த்தால் விரல் எலும்பு வரை கிழிந்திருந்தது, பையனுக்குத் தெரியவே இல்லை. இரவில் தூங்கும்போது சிலரின் விரல்கள் காணாமல் போயின. காவல் இருந்து பார்த்தபோது எலி கடித்துக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு பூனை கொடுத்தார்கள். நோய் நேராக உறுப்பைத் தின்னவில்லை. வலி போனதால் காயம் தெரியவில்லை, தெரியாத காயத்தின்மேல் நடந்து நடந்து கால் போனது.

மருந்தைவிடச் செருப்பு முக்கியம் என்று அவர் அங்கேதான் பிடித்துக்கொண்டார். அடியில் மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்த செருப்பு. இன்றும் நம் மருத்துவமனைகளில் ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று கேட்டால் கொடுப்பது அதைத்தான். பார்க்க அழகாக இருக்காது, கல்யாண வீட்டுக்குப் போட்டுப்போக மாட்டேன் என்று அடம்பிடிப்பவர்கள் உண்டு. 1966இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். இங்கே தொழுநோயாளிகளின் புண்ணுக்குப் போட்ட பிளாஸ்டர்க் கட்டு, அங்கே நீரிழிவுப் பாதத்துக்கும் பயன்பட்டது. வேலூரில் செருப்புத் தைத்தவர்களும் அவரும் சேர்ந்து கற்ற பாடம் கடல் கடந்து எத்தனையோ பேரின் காலைக் காத்தது. இங்கே நாமோ நீரிழிவுக்காரர்களைத் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலோடு அனுப்புகிறோம். சாமி கோபித்துக்கொள்ளாது. எம்.சி.ஆர். செருப்போடு நடங்கள். முடியாவிட்டால் வெயில் இறங்கிய பிறகு, சாக்ஸாவது போட்டுக்கொண்டு நடங்கள்.

நீரிழிவு உள்ளவர்களே, கால் ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள். கடையில் விற்கும் ஆணி பிளாஸ்டரில் தோலை அரிக்கும் அமிலம் இருக்கிறது, உணர்ச்சியற்ற பாதத்தில் அது குழி தோண்டும். மரத்துப்போகிறது என்று வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். வெந்ததே தெரியாது. இரவு படுக்கும்முன் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாத பெரியவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாகச் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, நல்ல காரியம். மாத்திரை கொடுக்கிற கை, செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு நிமிடம் பாதத்தையும் பார்த்தால் என் பட்டறை வரிசை குறையும். ‘பாதம் பாதுகாப்போம்’ என்று தமிழ்நாடு அரசு தனித் திட்டமே வைத்திருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே, அதற்கு உரிய பலருக்கு இன்னும் தெரியாது.

கையைப் பற்றியும் ஒன்று. பவர் பிரஸ்ஸிலோ கரும்பு இயந்திரத்திலோ விரல் துண்டானால், துண்டை நேராக ஐஸில் போடாதீர்கள், திசு உறைந்து கெட்டுவிடும். சுத்தமான தண்ணீரில் அலசி, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைத்து எடுத்துக்கொண்டு ஓடுங்கள். ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவு நாடறிந்தது. 2018இல் ஒருவருக்கு இரு கைகளையும் மாற்றிப் பொருத்தியது அங்கேதான்.

பொதுமக்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். 2011 கணக்கெடுப்பு நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் என்றது, அதில் நடமாட்டக் குறைபாடு உள்ளவர்கள் 54 லட்சம். கால் இழந்தவர் எத்தனை பேர், கை இழந்தவர் எத்தனை பேர் என்று அதில் தனிக் கணக்கே கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலையில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு கொடுக்கிறது, பொதுக் கட்டடங்கள் எல்லாருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. உடனே பலரும் சாய்தளம் கட்டினார்கள். சக்கர நாற்காலிக்கு அது வேண்டும்தான். செயற்கைக் கால் போட்டவரைக் கேட்டுப் பாருங்கள், சரிவில் இறங்குவதைவிடக் கைப்பிடி உள்ள படி மேல் என்பார் பலர். முழங்காலுக்கு மேல் இழந்தவருக்குச் சரிவில் மூட்டு எப்போது மடங்கிவிடுமோ என்ற பயம். இந்த மண்டபத்தின் படிகளில் கைப்பிடி இல்லை. வரும்போதே பார்த்தேன். ஒரு குழாயை வாங்கி வெல்டிங் பட்டறையில் கொடுத்தால் ஒரு நாள் வேலை.

கால் எப்படிப் போனது என்று முதல் சந்திப்பிலேயே கேட்காதீர்கள். பேருந்தில் அவர் நிற்கும்போது எழுந்து இடம் கொடுங்கள், பேன்ட் போட்ட கால் உங்களுக்குத் தெரியாமல் போகலாம், அவர் கேட்டால் ஆதாரம் கேட்காதீர்கள். வேலை கொடுக்கிறவர்கள் பாதி நாள் விடுப்பு கொடுங்கள், பட்டறைக்குப் போய்வர. ஒரு பெண் கால் இழந்தால் கல்யாணப் பேச்சு நின்றுவிடுகிறது, ஆணுக்கு நிற்பதில்லை. இதற்கு என்னிடம் அரமும் இல்லை, பிளாஸ்டரும் இல்லை.

கடைசியாக, இந்த அறக்கட்டளையாரிடம் நேராகவே கேட்டுவிடுகிறேன். ஆண்டுதோறும் விழா நடத்திச் செயற்கைக் கால் வழங்குகிறீர்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை இரண்டாம் வருகைக்கு எடுத்து வையுங்கள். பேருந்துச் செலவு, சாக்ஸ், பட்டை, ஓராண்டு கழித்து ஒரு புது சாக்கெட். மாவட்டத் தலைநகரில் ஒரு டெக்னீஷியனுக்கு ஒழுங்கான சம்பளம். மீதிக் காலில் போடும் சாக்ஸ் விலை அதிகமில்லை. ஆனால் தாலுகா ஊரின் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காது. அடுத்த ஆண்டு விழாவில் புதிதாகக் கால் வாங்குபவர்களோடு, போன ஆண்டு வாங்கியவர்களையும் அழையுங்கள். அவர்களை மேடையேற்ற வேண்டாம். பக்கத்து அறையில் ஒரு மேசை, ஓர் அரம், சூடுகாட்டும் துப்பாக்கி ஒன்று, பை நிறையச் சாக்ஸ் வைத்தால் போதும். ஆள் கிடைக்கவில்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், என் கை இன்னும் நடுங்கவில்லை. கேள்விகள் இருந்தால், செயற்கைக் காலோடும் ஊன்றுகோலோடும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நண்பர்கள் முதலில் கேட்கட்டும்.